கிளாரிந்தா அம்மையாரின் கதையும் நம் பெண்பிள்ளைகளும்

சென்ற கோடை விடுமுறையில், திருமங்கலத்தை அடுத்துள்ள சிற்றூர்ச் சபையொன்றின் பெண்பிள்ளைகளைக் கொண்டு, பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையாரின் வரலாற்றை ஒரு சிறு நாடகமாக நடிப்பிக்க முற்பட்டோம். நடிப்பவர்கள் பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள். நாடகத்தை எழுதியவர் நாமே. முதற்காட்சியில் தஞ்சைச் சீமையின் மயானம், அடுக்கிய சிதை, மந்திர ஒலி, இளம் விதவையைத் தள்ளிச் செல்லும் கூட்டம், குதிரைமேல் பாய்ந்துவரும் ஆங்கிலேய அதிகாரி. காட்சி நன்றாக அமைந்துவிட்டதென்றே எண்ணியிருந்தோம். ஒத்திகையின் இரண்டாம் நாள், கிளாரிந்தாவாக நடிக்க ஏற்பட்ட சிறுமி தாளை நம்மிடம் நீட்டி, “ஐயா, முதல் காட்சி முழுவதும் எனக்கு ஒரு வசனங்கூட இல்லையே, அழுதுகொண்டே நிற்க வேண்டியதுதானா?” என்று கேட்டாள்.

தாளை வாங்கிப் பார்த்தோம். அவள் சொன்னது உண்மை. அதிகாரிக்கு ஒன்பது வசனங்கள் எழுதியிருந்தோம், புரோகிதருக்கு நான்கு, குதிரைக்காரனுக்குக்கூட ஒன்று. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. பெண்விடுதலையைப் பற்றி நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லக் கிறிஸ்தவ வரலாற்றிலிருந்து ஒரு கதையைத் தேடுகிறோம். அக்கதை கைக்கு வருமுன்னரே புதினமாக ஒருமுறை உருமாறியிருக்கிறது. புதினத்தில் வந்ததையே வரலாறாக நினைத்துக்கொண்டு, நாமும் அதை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறோம். அந்த உருமாற்றத்தில் எது கூடிற்று, எது குறைந்தது என்பதை ஆயர்களும் இறையியல் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

புதினத்தை முதலில் நோக்குவோம். அதன் ஆசிரியர் அ. மாதவையா. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள பெருங்குளத்தில் 1872-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, உப்பு இலாகாவில் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1898-இல் ‘பத்மாவதி சரித்திரம்’, 1903-இல் ‘முத்துமீனாட்சி’ ஆகியவற்றைத் தமிழில் வெளியிட்டார். குழந்தை மணத்தையும் விதவையர் படும் பாட்டையும் அவர் எழுதிய வேகம் சொந்தச் சமூகத்தாரிடையே அவருக்குப் பகையையே தேடித் தந்தது. 1915-இல் ‘கிளாரிந்தா’ என்னும் வரலாற்றுப் புதினத்தை ஆங்கிலத்தில் எழுதினார். திருமுழுக்குப் பெறாத ஓர் அந்தணர், திருநெல்வேலித் திருச்சபையின் முதற்பெண்மணியைத் தம் கதைத்தலைவியாக்கினார் என்பது சிறிய செய்தியன்று. திருச்சபையார் எழுதியிருக்க வேண்டிய கதையை வெளியார் ஒருவர் எழுதினார். நாம் அறுபது ஆண்டு கழித்து அதை மொழிபெயர்த்துக்கொண்டோம். சரோஜினி பாக்கியமுத்து அவர்களின் தமிழாக்கத்தைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1976-இல் வெளியிட்ட பின்னரே நம் சபைகளின் வாசகசாலைகளில் இக்கதை தமிழில் இடம்பெற்றது.

அப்புதினத்தில் தஞ்சை மராட்டிய அந்தணக் குலப்பெண் கணவனுடைய சிதையில் ஏற்றப்படும் தறுவாயில் லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியால் காப்பாற்றப்படுகிறாள். அவரோடு வாழ்கிறாள், அவரிடம் ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயமும் கற்கிறாள், பின்னர்ப் பாளையங்கோட்டையில் திருமுழுக்குப் பெற்று அறப்பணி செய்கிறாள். நம் நாடகம் இந்தச் சிதையிலிருந்தே தொடங்கிற்று. ஞாயிறு பள்ளிகளில் வாய்மொழியாகச் சொல்லப்படும் கதையும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

வரலாற்றுக் குறிப்புக்கு வருவோம். சுவார்ட்ஸ் ஐயர் 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அங்கே கோட்டையும் ஆங்கிலப் படைப்பிரிவும் இருந்தன. தொழுகைக்குக் கூடும் சிறு குழுவொன்றும் அதற்கு முன்பே இருந்தது. அங்கிருந்த கிறிஸ்தவர் ஒருவர் பிறருக்கு வேதத்தை வாசித்துக் காட்டிவந்ததை ஐயர் 1771-ஆம் ஆண்டிலேயே குறித்திருக்கிறார். 1778-இல் அவரிடம் திருமுழுக்குக் கேட்டு வந்தவர்களுள் இந்த அந்தணப் பெண்ணும் ஒருவர். அவர் புதிதாக வந்தவரல்லர். முன்னரே ஒருமுறை ஐயரிடம் கேட்டிருந்தார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்துவந்தமையால் ஐயர் அப்போது மறுத்துவிட்டார். அவரை மணந்துகொள்வதாக அதிகாரி வாக்களித்திருந்தார். வாக்கு நிறைவேறுமுன் இறந்தார். அதற்குப் பின்னர் அம்மையார் மீண்டும் கேட்டார். இம்முறை ஐயர் திருமுழுக்குக் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் நிலைத்தது. கால்டுவெல் அத்தியட்சர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாற்று நூல் வழியாக இச்செய்தி நமக்குக் கிடைக்கிறது.

இங்கே தீ இல்லை. குதிரை இல்லை. இருப்பது ஒரு பெண்ணின் வேண்டுகோள். அதற்கு வந்த மறுப்பு. மறுப்புக்குப் பின்னும் விடாத மறுவேண்டுகோள். இவ்வளவே.

சிதைக் காட்சியை மாதவையா பொய்யாகப் புனைந்தார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. உடன்கட்டை தமிழகத்தில் நடவாததன்று. நம் மதுரைக்குக் கிழக்கே சேதுநாட்டில், கிழவன் சேதுபதி 1710-இல் மறைந்தபோது அவர் மனைவியர் 47 பேர் தீப்புகுந்தனர் என்று இயேசு சபைக் குருவானவர் ஒருவரின் கடிதம் கூறுகிறது. வங்காளத்தில் 1829-இலும் சென்னை மாகாணத்தில் 1830-இலும் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. சீர்திருத்த நோக்குடைய புதின ஆசிரியர் ஒருவர், தம் காலத்துப் படித்த வாசகர் நெஞ்சை அசைக்கக்கூடிய காட்சியைத் தேர்ந்தெடுத்தது புதினத்துக்குரிய உரிமை. ஆயினும் அந்த ஒரு காட்சியால் கதையின் எழுவாய் மாறிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குறிப்பில் பெண் கேட்கிறாள், குரு விடையளிக்கிறார். புதினத்தில் ஆண் காக்கிறான், பெண் காக்கப்படுகிறாள். காக்கப்பட்டவள் பின்னால் செய்வதெல்லாம் காத்தவனுக்குச் செலுத்தும் நன்றியாகத் தோன்றிவிடுகிறது.

பதினான்கு வயதுச் சிறுமிக்கு இந்த வேறுபாடு பெரிது. உன்னைக் காக்க எவனோ வருவான் என்று ஒரு கதை சொல்கிறது. நீ போய்க் கேள், மறுத்தால் மறுபடியும் கேள் என்று மற்றொன்று சொல்கிறது.

மேலும், சிதையை மறுக்க வெள்ளைக்கார அதிகாரி வந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. மதுரை மக்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. சொக்கநாத நாயக்கர் 1682-இல் மறைந்தபோது அவர் தேவி மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகன் அரங்க கிருஷ்ண முத்து வீரப்பர் 1689-இல் இறந்தபின், பேரனுக்காகப் பதினேழு ஆண்டளவு அரசியே நாட்டை நடத்தினார். மதுரைப் புகைவண்டி நிலையத்திற்கு எதிரேயுள்ள சத்திரமும் தமுக்கம் அரண்மனையும் அவர் பெயரை இன்றும் சொல்லுகின்றன. சிவகங்கையில் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் வீழ்ந்தபோது வேலுநாச்சியாரும் தீப்புகவில்லை. விருப்பாட்சி சென்று படை திரட்டி 1780-இல் சீமையை மீட்டார். அதே 1780-இல்தான் பாளையங்கோட்டைச் சபையின் முதற்பதிவேடு எழுதப்படுகிறது. 40 பேர் கொண்ட அந்தப் பட்டியலின் தலைப்பில் நிற்பது கிளாரிந்தாவின் பெயர். தென்னாட்டில் இரு கைம்பெண்கள், ஒரே ஆண்டு. ஒருவர் கையில் நாடு, மற்றவர் பொறுப்பில் ஒரு சபை. ஒருவரை ஒருவர் அறிந்திருக்கமாட்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கற்பிக்க நமக்குத் தோன்றியதில்லை என்பதுதான் வருத்தம்.

திருமங்கலத்துப் பெண்பிள்ளைகளிடம் பேசுவதால் இன்னொன்றையும் சொல்லலாம். மீனாட்சியம்மையின் திருமாங்கல்யம் இங்கே செய்யப்பட்டதால் ஊருக்கு இப்பெயர் வந்ததென்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நம் விசுவாசம் வேறெனினும், மதுரைச் சித்திரைத் திருவிழாவின் வரிசையை நோக்குங்கள்: முதலில் பட்டாபிஷேகம், அடுத்துத் திக்விஜயம், அதன் பின்னரே திருக்கல்யாணம். முடியும் படையெடுப்பும் முன்னே, தாலி பின்னே. நம் ஊர்ப்பெயர் கடைசிச் சடங்கை மட்டும் பிடித்துக்கொண்டது. பெண்களின் வரலாற்றைச் சொல்வதில் எல்லாச் சமயத்தாரும் இப்படியே செய்துவருகிறோம் போலும்.

இனி, சுவார்ட்ஸ் ஐயரின் மறுப்பைப் பற்றி. நம் பக்தி நூல்களில் இப்பகுதி மிக மெலிதாகச் சொல்லப்படும் அல்லது சொல்லாமலே விடப்படும். ஐயரின் பெருமைக்கு இழுக்கு வந்துவிடுமோ என்னும் அச்சமே காரணம் எனலாம். அவர் தம் காலத்து ஒழுங்கின்படி நடந்தார். மணமின்றி வாழும் ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுப்பது சபையின் சாட்சிக்கு ஊறு என்று கருதினார். அக்கருத்தை எள்ளிநகையாட நமக்கு உரிமையில்லை. இன்றைக்கும் நம் ஆயர்கள் இதுபோன்ற வழக்குகளில் இப்படியே முடிவு செய்கிறார்கள். ஆனால் அந்த உறவில் இருந்தவர் இருவர். ஒருவர் பிறப்பால் கிறிஸ்தவர், அதிகாரமும் ஊதியமும் உடையவர், மணந்துகொள்ளும் வாக்கைத் தள்ளிப்போட வல்லவர். மற்றவர் பிறந்த இனத்தால் கைவிடப்பட்ட விதவை. வாக்கை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இல்லை. ஒழுங்கின் முழுச்சுமையும் ஆற்றல் இல்லாதவர் தோளிலேயே இறங்கிற்று. அதிகாரி இறந்த பின்னரே அவருக்கு வழி திறந்தது.

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் கையும் களவுமாகப் பிடிக்கப்பட்ட பெண்ணைக் கொண்டுவந்தவர்கள் ஆணைக் கொண்டுவரவில்லை என்பதை நாம் பிரசங்கங்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணோ, மணவுறவு ஒழுங்காகத் தீர்க்கப்படும் வரை காத்திருக்குமாறு ஆண்டவரால் பணிக்கப்படவில்லை. கிணற்றடியிலேயே அவளோடு இறையியல் பேசினார். அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். இந்த இரு அதிகாரங்களையும் கிளாரிந்தாவின் மறுப்புக் காட்சிக்கு அருகே வைத்து வாசிக்கும்போது எழும் கேள்விக்கு நம்மிடம் எளிய விடை இல்லை. விடை இல்லாத கேள்வி என்பதற்காகச் சிறுமிகளிடமிருந்து அதை ஒளித்துவைப்பது முறையாகுமா? அவர்களிற் பலர் நாளை இதே ஒழுங்கின் முன் நிற்கப்போகிறவர்கள்.

திருமுழுக்குக்குப் பின்னான ஆண்டுகளே இவ்வரலாற்றின் வளமான பகுதி. 1778 முதல் 1790 வரை பாளையங்கோட்டையில் அபிஷேகம் பெற்ற குரு நிலையாகத் தங்கியிருக்கவில்லை. தஞ்சையிலிருந்து உபதேசியார் வருவார்கள். ஐயர் எப்போதோ ஒருமுறை வருவார். சபை கூடியது, வளர்ந்தது. நிலையான ஊழியர் வேண்டுமென்று சுவார்ட்ஸ் ஐயரை வலியுறுத்தியவர்களுள் முன்னின்றவர் கிளாரிந்தா. கோட்டைக்குள் ஓர் ஆலயம் எழுப்ப முற்பட்டார். ஆங்கிலேயர் சிலரும் உதவினர். 1785-இல் ஐயரே வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். உபதேசியாராக இருந்த சத்தியநாதன் 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள், திருநெல்வேலித் திருச்சபையின் வித்தாகிய அக்கூட்டத்துக்குப் பணத்தாலும் பரிவாலும் பிடிவாதத்தாலும் தூணாக நின்றவர் ஒரு பெண். அவரைத் தாய் என்று அழைக்கத் தயங்காத திருச்சபை, அவரைப் போன்றவர்களை ஆயர் என்று அழைக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டு எடுத்துக்கொண்டது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறத் தொடங்கியது 1970-களில். முதற்பெண் பேராயர் நந்தியாலில் பொறுப்பேற்றது 2013-இல்.

அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. திருமங்கலத்திலிருந்து தெற்கே செல்லும் அதே பெருஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே நெடுங்காலம் அழைத்துவந்தனர். இப்பெயரை அன்பின் அடையாளமாகவே பலர் காட்டுவர். நமக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. குலத்தைத் துறந்து, குலத்தாரால் துறக்கப்பட்டு, பல சாதியார் சேர்ந்த சபையில் தம் பெயரை எழுதிக்கொண்டவருக்கு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அவருடைய சாதி திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டது. அவர் பெயர் மறக்கப்பட்டிருந்தாலும் சாதி மறக்கப்பட்டிருக்காது. நம் நாடகத்தில் நடித்த சிறுமிகளில் ஒருத்தியேனும் அந்தக் குலத்தில் பிறந்தவளல்லள். பலர் சேரியிலிருந்து வருகிறவர்கள். உயர்குலத்தாள் ஒருத்தி இறங்கிவந்தாள் என்பதே வியப்பாகக் கதை சொல்லப்படுமானால், இறங்கிவர இடமில்லாதவர்களுக்கு அக்கதையில் என்ன பங்கு?

இதனால்தான் வேறு கதைகளையும் தேட வேண்டியிருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் பணி தொடங்கிற்று. ட்ரேசி ஐயர் 1842-இல் திருமங்கலத்தில் ஓர் இறையியற் பள்ளியைத் தொடங்கினார். அது 1845-இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. அது ஆண்களுக்குரியது. பெண்களுக்கு வேதாகமப் பயிற்சி தரும் லூசி பெரி நோபிள் பள்ளியை ஈவா சுவிப்ட் அம்மையார் மதுரையில் தொடங்கியது 1892-இல். இடையில் ஐம்பது ஆண்டு. அவ்வைம்பது ஆண்டிலும் பெண்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். ‘வேதாகம ஸ்திரீ’ என்று மிஷன் அறிக்கைகளில் எழுதப்பட்ட அவர்கள், ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளின் பின்கட்டுவரை சென்றார்கள். அடுப்பங்கரையில் அமர்ந்து கைம்பெண்களுக்கும் மருமகள்களுக்கும் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பித்தார்கள். வாசிக்கக் கற்ற பெண் கடிதம் எழுதுவாள், கணக்குப் பார்ப்பாள், கேள்வி கேட்பாள் என்பது மாமியார்களுக்கும் தெரிந்தே இருந்தது. கதவைச் சாத்தியவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி எந்த மாதவையாவும் புதினம் எழுதவில்லை. அறிக்கைகளில் பலர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார்கள். எழுதத் தெரிந்த இளம் ஆயரம்மாமார் யாரேனும் இதைக் கையிலெடுத்தால், கரிசல் மண்ணில் நடந்து தேய்ந்த கால்களின் கதை ஒன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

எழுதுவோருக்கு ஒரு யோசனை. மாதவையாவிடமிருந்தே கற்பதானால் ‘கிளாரிந்தா’வைவிட ‘முத்துமீனாட்சி’யே நல்ல ஆசான். அதில் குழந்தையாகவே மணமுடிக்கப்பட்ட அந்தணப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். அடிபட்டவளே பேசும்போது வாசகர் அவளுக்காக இரங்குவதோடு நின்றுவிட முடிவதில்லை; அவள் சினத்துக்கும் நகைப்புக்கும் பங்காளியாக வேண்டியிருக்கிறது. கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரையும் இங்கே நினைக்க வேண்டும். 1862-இல் அகமத்நகரில் பிறந்து, 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் ஓராண்டில் அதை விட்ட அவர், ஒரு கிறிஸ்தவப் பெண் வளரும் கதையை ‘சகுணா’ என்னும் பெயரில் எழுதினார். 1887–88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் அது தொடராக வந்தது. 32 வயதில் 1894-இல் மறைந்தார். கிறிஸ்தவ வீட்டிலும் பெண்ணின் படிப்புக்குத் தடைகள் இருந்தன என்பதை அவர் மறைக்கவில்லை. நம் வீடுகள் இதில் விலக்கானவை என்று காட்டும் ஆசை நம் எழுத்தாளர்க்கு அதிகம். அவருக்கு அது இல்லை.

திருமறையிலும் இத்தகைய கதை உண்டு. எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் புதல்வியர் ஐவர்—மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்—ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேயின் முன்னும் முழுச்சபையின் முன்னும் நின்று தந்தையின் காணியாட்சியைக் கேட்கிறார்கள். ஆண்டவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்கிறார். ஐந்து பெயர்களும் முழுமையாகப் பதியப்பட்டிருக்கின்றன. நம் ஞாயிறு பள்ளிப் பாடங்களில் இவர்கள் வருவது அரிது. அதே நூலின் 36-ஆம் அதிகாரத்தில் குலத்துப் பெரியோர் வந்து முறையிட்டு, அவர்கள் தம் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டுமென்ற கட்டுப்பாட்டைப் பெற்றுவிடுகிறார்கள். அதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். நம் நாட்டில் திருவிதாங்கூர்ச் சட்டத்தின்படி மகளுக்கு மகனைவிடச் சிறுபங்கே என்றிருந்த நிலையை எதிர்த்து மேரி ராய் என்னும் சிரியன் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில், 1986-இல் உச்சநீதிமன்றம் மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் திருச்சபைத் தலைவர்கள் பலர் மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை என்பதும் வரலாறே. எண்ணாகமம் 36 எழுதி முடிந்த அதிகாரமன்று.

திருமங்கலத்துக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண்சிசுக் கொலை நிகழ்ந்தது 1980-களில் நாடறிந்த செய்தியாயிற்று. அந்த மண்ணில் பிறந்து, வளர விடப்பட்டு, இன்று பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கும் பெண்பிள்ளைகள் நம் முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் கதையில் முதற்காட்சியிலேயே பெண் ஊமையாக நிற்பது தகாது என்று அந்தச் சிறுமி கேட்ட பின்னரே நமக்கு உறைத்தது.

நாடகத்தைத் திருத்தி எழுதினோம். மயானமும் குதிரையும் நீங்கின. முதற்காட்சியில் கிளாரிந்தா சுவார்ட்ஸ் ஐயரின் வாசலில் வந்து நின்று திருமுழுக்குக் கேட்கிறார். அவருக்கு ஏழு வசனங்கள், ஐயருக்கு மூன்று. மூன்றாவதில் அவர் மறுத்துவிட வேண்டும். அந்தச் சிறுமி தன் வசனங்களில் இரண்டைத் தானே மாற்றிக்கொண்டாள். மாற்றியவை நாம் எழுதியவற்றினும் நன்றாக இருந்தமையால் அப்படியே விட்டுவிட்டோம். ஐயராக நடிக்கச் சபையின் வாலிபர் ஒருவரும் முன்வரவில்லை. மறுக்கும் வசனத்தைச் சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. இறுதியில் அங்கியை அணிந்துகொண்டு நாமே அந்த இடத்தில் போய் நின்றோம்.